‘மலையகம்’ என்று தலைப்பிடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்களில் ஆய்வரங்கு அறிவித்தல்களும் பல்கலைக்கழக ஆய்வுகளின் சுருக்கங்களும் இடம்பெறுகின்றன. அவற்றை வாசிப்போரில் பலர் இறுதி வருட ஆய்வேட்டையோ, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கான செயல்நிலை ஆய்வையோ, முதுமாணி ஆய்வையோ எழுதிக்கொண்டிருக்கும் மலையகப் பிள்ளைகள். அவர்கள் இடும் தலைப்புகளைப் பற்றியே, ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவோரும் கட்டுரைகளை மதிப்பிடுவோருமாகிய நாங்கள் இதை எழுதுகிறோம். நாங்கள் வற்புறுத்துவது ஒன்றுதான்: ஆய்வாளர் போன இடம், சந்தித்த ஆட்கள், அளந்த விடயம் ஆகியவற்றுக்கு மேற்பட்ட எதையும் தலைப்பு உரிமை கோரக் கூடாது. இந்த வரம்பு அடிக்கடி உடைவது ‘மலையகம்’ என்ற சொல்லில்.

ஓர் எடுத்துக்காட்டைப் பிரித்துப் பார்ப்போம். ‘மலையக மாணவர்களின் கல்வி அடைவில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்: ஓர் ஆய்வு’. இந்த அச்சில் வார்த்த தலைப்பை எல்லா நூலகத்திலும் காணலாம். உள்ளே இருப்பது ஹட்டன் கல்வி வலயத்தின் நான்கு பாடசாலைகள், தரம் 9 மாணவர் 160 பேர், கணிதத்தில் ஒரு தவணைப் பரீட்சைப் புள்ளி, வரவு இடாப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘மலையக’ என்ற சொல் பிழையாகிவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் மட்டுமே ஐந்து கல்வி வலயங்கள் உண்டு, பதுளையும் கண்டியும் மாத்தளையும் அதற்கு வெளியே. ‘மாணவர்கள்’ என்றால் தரம் 1 முதல் 13 வரை எவரும் ஆகலாம். ‘கல்வி அடைவு’ என்று சொல்லி ஒரு பாடத்தில் ஒரு பரீட்சையைக் காட்டுகிறோம். ‘காரணிகள்’ என்ற பன்மை எல்லாக் காரணங்களையும் தேடியதாக நினைக்க வைக்கிறது. பார்த்ததோ வரவு ஒன்றை மட்டும். ‘ஓர் ஆய்வு’ என்பதில் செய்தியே இல்லை. ஒன்பது சொற்களில் ஒன்றாவது நான்கு பாடசாலைகளை வாசகருக்குக் காட்டவில்லை.

இதையே இப்படி எழுதலாம்: ‘தரம் 9 மாணவரின் பாடசாலை வரவும் கணிதப் புள்ளிகளும்: ஹட்டன் கல்வி வலயத்தின் நான்கு தோட்டப்புறப் பாடசாலைகள்’. நான்கு சொல் கூடிவிட்டது. கூடட்டும். ‘கல்வி வலயத்தின்’ என்பதை ‘வலயத்தின்’ என்று சுருக்கினால் எந்த வலயம் என்ற கேள்வி எழும். ‘நான்கு’ என்பதை எடுத்தால் வலயத்தின் எல்லாப் பாடசாலைகளையும் பார்த்ததாகிவிடும். வெட்ட வேண்டுமானால் ‘மாணவரின்’ என்பதை வெட்டலாம், தரம் என்றதுமே மாணவர் வந்துவிடுகிறார்.

நீளம் பற்றி மாணவர்கள் நிறையக் கவலைப்படுகிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேட்டின் ஆறாம் பதிப்பு 12 சொல்லுக்கு மேற்படாமல் எழுதச் சொன்னது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு அந்த எல்லையை எடுத்துவிட்டது. அந்தப் பன்னிரண்டும் ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலம் தனிச் சொல்லாக எழுதும் பலவற்றைத் தமிழ் வேற்றுமை உருபாகச் சொல்லோடு ஒட்டிவிடுகிறது. ஆகவே தமிழில் எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் நின்றால் போதும் என்பது எங்கள் கணிப்பு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு 2007 முதல் 2013 வரையான 140,000 கட்டுரைகளை எடுத்து, குறுகிய தலைப்புகளை வெளியிடும் ஆய்விதழ்களுக்குக் கட்டுரைக்குக் கூடுதல் மேற்கோள் கிடைப்பதைக் காட்டியது. அது ஒரு தொடர்பு. தலைப்பைக் குறுக்கினால் மேற்கோள் ஏறும் என்று அதை எடுத்துக்கொண்டு இடத்தையும் எண்ணிக்கையையும் வெட்டிவிட வேண்டாம்.

தொடர்பு என்றதும் ‘தாக்கம்’ என்ற சொல்லைப் பேசியாக வேண்டும். ‘செல்வாக்கு’, ‘விளைவு’, ‘பங்களிப்பு’ எல்லாம் இதே இனம். ஒரே நாளில் வினாக்கொத்துக் கொடுத்துச் சேர்த்த தரவைக் கொண்டு ‘வரவின்மையின் தாக்கம்’ என்று எழுத முடியாது. வரவு குறைந்ததால் புள்ளி குறைந்ததா, புள்ளி குறைந்த பிள்ளை வர மனமில்லாமல் லயத்து வீட்டிலேயே நின்றுவிட்டதா, வீட்டு வறுமை இரண்டையும் சேர்த்துக் குறைத்ததா என்பதை அந்தத் தரவு பிரித்துச் சொல்லாது. ‘வரவும் புள்ளியும்’ என்று உம்மை கொடுத்து இணைத்துவிட்டால் தலைப்பு உண்மையாக நிற்கும். தமிழின் ‘உம்’ இதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு வசதி. ஒரு வகுப்புக்குப் புதிய முறையில் கற்பித்து, இன்னொரு வகுப்புக்கு வழமைபோல் கற்பித்து, முன்னும் பின்னும் சோதித்திருந்தால் மட்டும் ‘தாக்கம்’ என்ற சொல்லைத் துணிந்து எடுக்கலாம். மருத்துவ ஆய்வுகளில் இது விதியாகவே இருக்கிறது: ஆட்களைக் குலுக்கல் போலப் பிரித்துச் செய்யும் எழுமாற்றுச் சோதனையைத் தலைப்பிலேயே அவ்வாறு அடையாளப்படுத்த வேண்டும் என்று கொன்சோர்ட் வழிகாட்டி கேட்கிறது, அவதானிப்பு ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப் வழிகாட்டியும் ஆய்வு வடிவத்தைத் தலைப்பிலோ சுருக்கத்திலோ சொல்லக் கேட்கிறது.

இனி ‘மலையகம்’ என்ற சொல்லுக்கே வருவோம். நான்கு வேறு வட்டங்களை ஆய்வாளர்கள் ஒன்றாகக் குழைக்கிறார்கள். மலையகம் என்பது நிலப்பரப்பு. அங்கே கண்டிச் சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் இருக்கின்றன. மலையகத் தமிழர் என்பது சமூகம். அவர்கள் கொழும்பிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வாழ்கிறார்கள், கேகாலை, களுத்துறை இறப்பர்த் தோட்டங்களிலும் வாழ்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் என்பது தொழில். லயத்தில் குடியிருக்கும் எல்லோரும் தோட்ட வேலைக்கான பிரட்டுக்குப் போவதில்லை, கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக்கும் போகிறவர்கள் ஏராளம். தோட்டத் துறை என்பது புள்ளிவிபர வகை. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள, பத்துப் பேரும் அதற்கு மேலும் வதிவிடத் தொழிலாளர் கொண்ட பெருந்தோட்டங்களை அவ்வாறு வகுக்கிறது. அந்த எல்லைக்குள் வசிப்பவர் எந்த இனத்தவரானாலும் அந்த எண்ணில் அடங்குவார். தோட்டத் துறைத் தரவை எடுத்து ‘மலையகத் தமிழர்’ என்று தலைப்பிட்டால் உள்ளவர் சிலர் கூடிவிடுகிறார்கள், வெளியே உள்ளவர் பலர் விடுபடுகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின் ‘இந்தியத் தமிழர்’ என்ற நிரலை எடுத்தாலும் இதே சிக்கல்தான். மலையகத்தவர் பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்திருக்கிறார்கள். சமூகம் தனக்கு இட்டுக்கொண்ட பெயரை ஆய்வேட்டின் உள்ளே எங்கும் பயன்படுத்துங்கள், அதற்கு முழு உரிமை உண்டு. எண் எந்த நிரலிலிருந்து வந்ததோ அந்த நிரலின் பெயர் தலைப்பிலோ அதன் உபதலைப்பிலோ இருக்கட்டும்.

தேயிலை விஞ்ஞானத்தில் எழுதுவோருக்கு இன்னொரு கண்ணி உண்டு. தேயிலைத் துறை நிலத்தைக் கடல் மட்டத்திலிருந்தான உயரத்தால் வகுக்கிறது: 600 மீற்றருக்குக் கீழ் தாழ்நிலம், 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். ‘மலையகத் தேயிலை’ என்றால் இந்த மூன்றில் எது என்று தெரியாது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் (டீஆர்ஐ) தேயிலை வர்க்க எண், உயரம், நோயின் பெயர் ஆகிய மூன்றும் தலைப்பில் வந்தால் போதும்: ‘உயர்நிலத்தில் டீஆர்ஐ 2025 வர்க்கத்தின் கொப்புள நோய்’ என்பது ஆறு சொல்லில் முழுமையாக இருக்கிறது.

இடப்பெயர்களில் ‘நுவரெலியா’ மிகவும் ஏமாற்றும். அது நகரம், பிரதேச செயலகப் பிரிவு, கல்வி வலயம், மாவட்டம் எல்லாவற்றுக்கும் பெயர். ‘நுவரெலியாவில்’ என்று எழுதாமல் எது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை: ஹட்டன், அட்டன், தலவாக்கலை, தலவாக்கொல்லை. எதை எடுத்தாலும் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஒன்றையே எடுத்து, மற்றதைத் திறவுச்சொற்களில் வையுங்கள். தேடுகிறவர் எந்த வடிவத்தைத் தட்டுவார் என்று நமக்குத் தெரியாது.

அதற்காக எல்லாவற்றையும் துல்லியமாக எழுதிவிட முடியாது என்ற நிலையும் உண்டு. குடிப்பழக்கம், கடன், குடும்ப வன்முறை, மனநோய் போன்ற விடயங்களில் ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனைப் பெயரோடு தலைப்பில் போட்டால், நூறு குடும்பங்கள் உள்ள இடத்தில் யார் யார் பேசினார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். கங்காணிக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். அங்கே ‘நுவரெலியா மாவட்டத்தின் ஒரு தேயிலைத் தோட்டம்’ என்று நிறுத்துவதே சரி. ‘ஒரு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. பெயரை மறைக்கலாம், அளவை மறைக்கக் கூடாது.

காலமும் இப்படித்தான். ‘சமகால’, ‘அண்மைக்கால’, ‘இன்றைய நிலை’ ஆகிய மூன்றும் பத்து வருடத்தில் பொருளிழக்கும். ‘குடியுரிமைச் சட்டம்’ என்றால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமா, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமா? ஒன்று பறித்தது, மற்றது கொடுத்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் 1974 சிறிமா–இந்திரா ஒப்பந்தத்தையும் சேர்த்து எழுதுவோர் இரண்டு ஆண்டுகளையும் எழுத வேண்டும். தோட்ட நிர்வாகத்தைப் பற்றிய ஆய்வில் 1972, 1975 காணிச் சீர்திருத்தமும் 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியதும் எல்லைக் கற்கள். ‘கம்பனி நிர்வாகத்தில் தோட்ட வைத்தியம், 1992–2010’ என்றால் வாசகருக்குத் தொடக்கமும் முடிவும் கையில் கிடைக்கும்.

தமிழ்த் தொடரமைப்பு தரும் குழப்பங்கள் தனி. ‘இடம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பப் பெண்கள்’ என்பதில் இடம்பெயர்ந்தது யார்? தொழிலாளரா, குடும்பமா, பெண்களா? மூன்றுக்கும் தமிழ் இடம் கொடுக்கிறது. ‘மீரியபெத்தை மண்சரிவால் (2014) இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெண்கள்’ என்று எச்சத்தை அதற்குரிய பெயரோடு ஒட்ட வைத்தால் தீரும். அடுத்தது ‘-இன்’ சங்கிலி: ‘தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளின் போசாக்கின் நிலை’. இரண்டுக்கு மேல் வந்தால் ஒன்றிரண்டைத் தொகையாக்குங்கள், ‘தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் போசாக்கு நிலை’ என்று. ‘சிறப்பாகக் கொண்ட’, ‘அடிப்படையாகக் கொண்ட’, ‘பற்றிய ஒரு பகுப்பாய்வு’ ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முக்காற்புள்ளி அந்த வேலையைச் செய்துவிடும். எடுக்க மனமில்லை என்றால் இலக்கணத்தையாவது காப்பாற்றுங்கள்: ‘ஓர் ஆய்வு’ சரி, ‘ஓர் நோக்கு’ பிழை, உயிரெழுத்துக்கு முன்தான் ஓர். ‘தேயிலை தொழிலாளர்’ என்று ஒற்று இல்லாத அட்டை நூலகத்தில் என்றென்றும் இருக்கும்.

நாட்டார் பாடலின் அடியை முன்னே வைத்து உபதலைப்பில் விடயத்தைச் சொல்லும் வழக்கம் நம் இலக்கிய ஆய்வுகளில் இருக்கிறது. அழகானதுதான். பட்டியல்கள் பல தலைப்பின் முற்பகுதியை மட்டும் காட்டும் என்பதால், விடயத்தை முன்னே வைத்துப் பாடலடியைப் பின்னே வைப்பதை நாங்கள் விரும்புகிறோம்.

செயல்நிலை ஆய்வு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ‘வாசிப்பு ஆற்றலை விருத்தி செய்தல்’ என்று நின்றுவிடுகிறார்கள். அந்த ஆய்வின் உயிர் மூன்றில் இருக்கிறது: பிரச்சினை, எடுத்த நடவடிக்கை, வகுப்பு. ‘ர, ற எழுத்துப் பிழைகளைச் சொல்வதெழுதல் விளையாட்டால் குறைத்தல்: ஒரு தரம் 4 வகுப்பு’ என்றால் இன்னொரு தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் அதை எடுத்துத் தன் வகுப்பில் செய்து பார்க்கலாம்.

எப்படி எழுதத் தொடங்குவது என்று கேட்போருக்கு எங்கள் முறை இது. முடிவுகள் அத்தியாயம் முடிந்த பிறகு, யார், எங்கே, எத்தனை பேர், எப்போது, எதை அளந்தோம், என்ன தெரிந்தது என்ற ஆறுக்கும் பதிலாக ஒரே ஒரு நீண்ட வாக்கியம் எழுதுங்கள். முப்பது சொல் வந்தாலும் பரவாயில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கையால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் ஆய்வு எதுவென்று தெரிந்தால் அந்தச் சொல் வேண்டாம். வேறோர் ஆய்வு போலத் தோன்றினால் அது இருக்க வேண்டும். மிஞ்சியதை, தேடப்படும் சொல் முன்னால் வரும்படி அடுக்குங்கள். பின்னர் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் தலைப்பை மட்டும் கொடுத்து, உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் செய்ததும் ஒத்துப்போகும் வரை மாற்றுங்கள். முன்மொழிவில் பதிந்த தலைப்பை மாற்ற முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டா, எந்தத் திகதிக்குள் என்பதைத் தரவு சேர்க்கப் போகுமுன்பே பீட அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். மாறியதும் அட்டை, சான்றுரைப் பக்கம், மும்மொழிச் சுருக்கம், இறுவட்டு உறை எல்லாவற்றிலும் ஓரெழுத்துப் பிசகாமல் மாற்றுங்கள்.

ஆங்கிலத் தலைப்பைத் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அதே நீண்ட வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி மறுபடி குறுக்குவது நல்லது. சமூகத்தின் பெயர் ஆங்கிலத்தில் ‘மலையகம்’, ‘மலையஹ’, ‘அப்கன்ட்ரி’, ‘ஹில் கன்ட்ரி’, ‘இந்தியன் ஒரிஜின்’, ‘எஸ்டேட் டமில்’ என்று பல வடிவங்களில் திரிகிறது. ஒன்றைத் தலைப்பில் வைத்து மற்றவற்றைத் திறவுச்சொற்களில் அடுக்குங்கள். தமிழிலும் தேடலுக்கு ஒரு நுட்பம் உண்டு. பல நூலகப் பட்டியல்கள் உருபேற்ற சொல்லை அதன் மூலச் சொல்லோடு இணைத்துப் பார்ப்பதில்லை. ‘மலையகம்’ என்று தேடினால் ‘மலையகத்தின்’ அகப்படாது. முக்கியமான சொல் ஒருமுறையாவது எழுவாய் வடிவில், உருபில்லாமல், தலைப்பிலோ திறவுச்சொல்லிலோ இருக்க வேண்டும்.

கடைசியாக, மிகச் சிறியதாகத் தோன்றி மிகப் பெரிய இழப்பைத் தருவது எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். கூகுள் ஸ்கொலரோ பல்கலைக்கழகக் களஞ்சியமோ அந்தக் கோப்பைத் திறந்து தலைப்பைத் தமிழாக வாசிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு தலைப்பை எழுத்தெண்ணி வாசியுங்கள். ‘ர’ வர வேண்டிய இடத்தில் கால் (ா) நிற்கும், ‘கௌரவம்’ என்பதில் ‘கௌ’வின் பின்பாதி ‘ள’ ஆகியிருக்கும். அச்சிட்ட தாளை ஸ்கான் செய்து படமாக ஏற்றாமல், கணினியிலிருந்தே பிடிஎஃப் ஆக்குங்கள். முதற்பக்கத்தில் மிகப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது தலைப்பு. பல்கலைக்கழகத்தின் பெயர் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஸ்கொலர் அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு, ஆசிரியர் அவர்களே. ஆய்வுச் சுருக்கங்களை வெளியிடும்போது பத்தியின் அகலத்துக்காகத் தலைப்பு வெட்டப்படுகிறது. அப்போது முதலில் போவது ‘நான்கு பாடசாலைகள்’, ‘ஒரு தோட்டம்’ ஆகிய சொற்கள்தாம்; மிஞ்சுவது ‘மலையகம்’. மறுநாள் மேடையில் அது முழுச் சமூகத்தின் மீதான தீர்ப்பாக மேற்கோள் காட்டப்படுகிறது. இடம் போதாவிட்டால் ‘பற்றிய ஓர் ஆய்வு’ என்பதை வெட்டுங்கள், அடைமொழிகளை வெட்டுங்கள். இடத்தின் பெயரையும் எண்ணையும் விட்டுவையுங்கள். முழுத் தலைப்பைச் செய்தியின் முதல் வரியில் சிறிய எழுத்திலாவது அச்சிட்டால், ஆய்வேட்டைத் தேடி நூலகத்துக்குப் போகும் மாணவர் அதை அதே பெயரில் கேட்டு வாங்க முடியும்.

இவ்வண்ணம்,
ஆய்வேட்டு வழிகாட்டிகள், மதிப்பீட்டாளர்கள் சிலர்
ஹட்டன்